கொல்லம் என்று ஒரு மடல்

குழுவில் யாராவது ஒற்றைச் சொல்லில் மடல் போட்டால், "பார்த்து, ராணியக்கா கொல்லம் ஆக்கிடப் போறாங்க" என்று நீங்கள் கேலி பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. நானும் கூடச் சிரித்திருக்கிறேன். பழைய மடல்களைத் தோண்டிப் படித்தவர்களுக்கு அந்தக் கதையில் பாதி தெரியும். ஒரு கல்லின் வயதைத் தப்பாகச் சொல்லி, மானம் போய், மன்னிப்புக் கேட்டோம் என்பது அந்தப் பாதி. மட்டுறுத்தும் பொறுப்பை இன்று உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். போகும்போது மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தில் இது வெறும் மடற்குழு. வரலாற்றுப் பித்துப் பிடித்தவர்கள் உலகத்தின் நாலா பக்கமும் உட்கார்ந்துகொண்டு, கோயில், காசு, கல்வெட்டு என்று ஒருவருக்கொருவர் மின்மடல் எழுதுவோம். எழுதுகிற மடல் நேரே எல்லோருக்கும் போகாது. முதலில் என்னிடம் வரும். நான் உள்ளே விட்டால் போகும், அழித்தால் அதோடு சரி. தமிழ் எழுத்துரு எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் தெரியாது, பாதிப் பேருக்குக் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதனால் பலர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். அதை எப்படி வாசிப்பது என்பது வாசிக்கிறவர் பாடு.

என் கதையையும் இரண்டு வரி சொல்ல வேண்டும். பாறசாலைப் பக்கத்துக் குடும்பம், வளர்ந்தது திருவனந்தபுரம், படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எனக்கு அம்மாவும் வேதப்புத்தகமும் தந்தது. பள்ளிக்கூடத்தில் நான் "பாண்டி", தமிழர்களை மலையாளிகள் கேலியாகக் கூப்பிடுகிற பெயர். திருநெல்வேலியில் கல்யாண வீட்டுக்குப் போனால், "இது என்ன தமிழோ" என்று சிரிப்பார்கள். குழுவில் மட்டும் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மதுரைக்காரரும் சென்னைக்காரரும் அமெரிக்காவில் இருக்கிறவரும் "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டார்கள். அந்த "அக்கா"வுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன், செய்தும் தொலைத்தேன்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் குழுவை ஆரம்பித்தவர். பெயர் போடாதே என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. அவர் போட்ட முதல் விதி, ஒற்றை வரிப் பாராட்டை உள்ளே விடாதே என்பது. "அருமை, அருமைன்னு வரிசையா மடல் போனா, நடுவுல ஒருத்தன் உருப்படியா எழுதுனத எவனும் திறந்தே பார்க்க மாட்டான்" என்பார். நல்ல விதிதான். ஆனால் அழிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஆபீஸ் விட்டு வந்து, டீயைக் குடித்துக்கொண்டே அருமை, சூப்பர், கலக்கல் எல்லாவற்றையும் வரிசையாக அழித்துத் தள்ளுவேன். வீடு பெருக்கி முடித்த திருப்தி வரும்.

இனி கல்லுக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் சிலர் பொன்முடிக்குப் போனோம். விதுராவைத் தாண்டி மலை ஏறும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே, ஒரு சுமைதாங்கி நின்றது. தலையில் பாரம் சுமந்து வருகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் ஆள் உயரத்துக்கு நிறுத்திய கல். இரண்டு தூண், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக இப்படி ஒன்றை நடுவது நம் வழக்கம். அவள் சுமந்த பாரம் இறங்கவேண்டும் என்பதற்காக. இதெல்லாம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். இதைப் பற்றிக் குழுவில் கட்டுரையே வந்திருக்கிறது.

கல் முழுக்கச் சுண்ணாம்பு. பலகைக்கல்லின் ஓரத்தில் மட்டும் தமிழ் எண்கள் தெரிந்தன, ௧௧௫௨. தண்ணீர் ஊற்றித் தேய்த்ததும் "மாள்" என்று இரண்டு எழுத்து வந்தது. அடியில் விளக்கு எரிந்த கரி, காய்ந்த செம்பருத்தி. நான் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

அமெரிக்காவில் இருந்த சிவநேசன் எங்கள் குழுவின் நட்சத்திரம். படித்தவர், அழகாக எழுதுவார், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு என்றார். எண்ணூறு வருஷத்துக்கு மேல் பழைய கல் என்றார். "மாள்" என்பது பெருமாள், அரசப் பட்டம் என்றார். பாண்டிநாட்டிலிருந்து வேணாட்டுக்குப் பொன்முடி வழியாக ஒரு வணிகப் பாதை இருந்ததற்கு இதுவே சான்று என்றார். எழுத்து புதுசா இருக்கே என்று ஒருவர் கேட்டதற்கு, பழைய கல்லைப் பின்னாளில் புதுப்பித்திருப்பார்கள் என்று பதில் சொன்னார். கரியும் செம்பருத்தியும் எதற்கு என்று கேட்பதற்கு ஆளே இல்லை. "எண்ணூறு வருஷமாக விடாமல் வழிபாடு நடக்கிறது" என்று நானே பூரித்து எழுதினேன். இப்போது அந்த வரியைப் படித்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பிறகு சிவநேசன் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு மடல் எழுதினார். உப்புப் பொதியோடு மலை ஏறும் வணிகக் கூட்டம், பின்னால் நிறைமாதத்தோடு நடக்கிற ஒரு பெண், வளைவில் அவள் உட்கார்ந்துவிடுவது, கூட்டம் அவளுக்காக நிற்பது, பிறகு நிற்க முடியாமல் போவது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஆபீசில் அதை அச்செடுத்துப் படித்து அழுதேன். குழுவில் பலர் அழுததாக எழுதினார்கள். அவளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. 'மலையரசி' என்று முடிவானது.

அந்த வாரத்தில் வந்த பாராட்டு மடல்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றையும் வழக்கம்போல அழித்தேன். அவற்றில் ஒன்று 'வழிப்போக்கன்' என்ற புனைபெயரில் எழுதுகிறவரிடமிருந்து வந்தது. வழிப்போக்கன் அதிகம் எழுதமாட்டார். எழுதினால் பழைய காசுகளைப் பற்றித் தெளிவாக எழுதுவார். ஏதோ ரிட்டயர்டு புரொபசர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் மடலில் இருந்தது ஒரு எண்ணும் ஒரு சொல்லும்தான், ஆங்கில எழுத்தில். '1152 kollam.'

மலையாளத்தில் 'கொள்ளாம்' என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். ஆங்கில எழுத்தில் அடித்தால் அது இப்படித்தான் வரும். திருவனந்தபுரத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிற சொல். சட்டை கொள்ளாம், மீன்கறி கொள்ளாம், 1152 கொள்ளாம். புரொபசரும் இந்த ஊர்க்காரர்போல, பாராட்டுகிறார் என்று சந்தோஷப்பட்டு, விதிப்படி அழித்தேன்.

அதற்குள் சிவநேசன் அடுத்த வேலையைத் தொடங்கியிருந்தார். வளைவில் லாரி இடித்துவிடும், காட்டு யானை தள்ளிவிடும், கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றார். நகரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் முற்றத்தில் இடம் தருவதாகச் சொன்னது. எஸ்டேட் மேனேஜர், எடுத்துக்கொண்டு போங்கள், தொல்லை விட்டது என்றார். முறையாகத் தொல்லியல் துறைக்கு எழுதிக் கேட்டுக் காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. உள்ளூர்க்காரி நான்தான் என்பதால் லாரியோடு போனதும் நான்தான்.

லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மீதி வீட்டுக்காரர்கள் மேலே வந்து நின்று பார்த்தார்கள். சூப்பர்வைசர் அவர்களிடம், "சர்க்காருல இருந்து வந்திருக்காங்க, மாறி நில்லுங்க" என்று அதட்டினார். நாங்கள் சர்க்கார் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஒரு வயதான பெண் மட்டும் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மேடம், அத எங்க கொண்டு போறிய?"

"பத்திரமா வைக்கத்தான் அம்மா கொண்டு போறோம். இனிமே நெறையப் பேரு வந்து பாப்பாங்க."

"இங்கயும் பத்திரமாத்தானே இருந்துச்சி?"

நான் பலகைக்கல்லுக்குச் சாக்குப் போட்டுக் கட்டுகிறார்களா என்று பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்கு எடுத்த படத்தில் அந்த அம்மா ஓரத்தில் நிற்கிறார். அந்தப் படத்தைக் குழுவுக்கு அனுப்பும்போது அழகுக்காக அவரை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

பள்ளிக்கூடத்தில் கல்லைத் திறந்து வைக்கும் விழா தை மாதம் என்று முடிவாயிற்று. சிவநேசன் அமெரிக்காவிலிருந்து நேரில் வருகிறார். விழாவுக்கு முந்தின நாள் லீவு போடலாமா என்று பார்க்க ஆபீஸ் சுவரில் தொங்கிய மலையாளக் காலண்டருக்கு முன்னால் போய் நின்றேன். மேலே கொட்டை எழுத்தில் '1180 மகரம்' என்று போட்டிருந்தது.

பிறந்ததிலிருந்து பார்க்கிற காலண்டர். கேரளத்தில் எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. நெல்லை, குமரிப் பக்கம் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த ஆண்டு போடுவார்கள். கொல்லம் ஆண்டு. அதோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு வரும். ௧௧௫௨ என்பது எண்ணூறு வருஷத்துக்கு முந்தி இல்லை. எனக்குக் காது குத்திக் கம்மல் போட்டு, கல்லூரிக்கெல்லாம் போய் முடித்த பிறகு வந்த வருஷம் அது. கூடவே வழிப்போக்கனின் மடல் நினைவுக்கு வந்தது. அவர் கொள்ளாம் என்று எழுதவில்லை. கொல்லம் என்று எழுதியிருந்தார்.

என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மதுரைக்காரருக்கோ அமெரிக்காவில் இருக்கிறவருக்கோ அந்த எண் தெரியாமல் போனால் நியாயம் உண்டு. காலண்டருக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு என்ன நியாயம்?

அன்றே வழிப்போக்கனுக்குத் தனி மடல் எழுதினேன். தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு வரச் சொன்னார். புரொபசரைத் தேடினேன். முப்பது வயதைத் தாண்டிய, இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். பெயர் முருகேசன். வரலாறு எம்.ஏ., பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலை.

"தப்பா வாசிச்சிட்டேன் தம்பி. பாராட்டுன்னு நெனச்சு அழிச்சிட்டேன்," என்றேன்.

"அதான் வரலையா? நான் வேற மாதிரி நெனச்சேன் அக்கா. தெரிஞ்சிட்டே வேண்டாம்னு வெச்சிட்டீங்கன்னு."

"அந்தக் கல்லப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"அது எங்க அம்மைக்கு நட்ட கல்லு அக்கா. பேச்சியம்மாள். எனக்கு அப்போ நாலு வயசு. வலி வந்தப்ப மலையில பஸ் இல்ல. தூளி கட்டித் தூக்கிட்டு எறங்குனாங்க. அந்த வளவு வரைக்கும்தான் வர முடிஞ்சுது. அப்பா அம்பாசமுத்திரத்துல இருந்து கல்தச்சனக் கூட்டிட்டு வந்து நட்டாரு."

பெருமாளாக நாங்கள் வாசித்த "மாள்" பேச்சியம்மாளின் "மாள்". எனக்குத் தலை நிமிரவில்லை.

"இத அப்பவே விரிவா எழுதியிருக்கலாமே தம்பி?" என்று கேட்டேன். கேட்ட வாயை இன்றும் திட்டிக்கொள்கிறேன்.

"எழுதுனா லயத்துப் பையன்னு எல்லாருக்கும் தெரியும் அல்லே. எனக்கு அது கொறச்சிலா இருந்துச்சி. பின்னே..." என்று ரோட்டைப் பார்த்தார். "சிவநேசன் சார் எழுதுனத வாசிச்சேன். எங்க அம்மையப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு வரி எழுதுனதில்ல அக்கா. எவ்வளவு பேரு அழுதாங்க! அது பொய்யின்னு சொல்ல எனக்கே மனசு வரல. ஆனா சொல்லாமலும் இருக்க முடியல. அதான் ஒரு வார்த்தை போட்டேன். புரியிறவங்களுக்குப் புரியட்டும்னு. கல்ல எடுத்துட்டுப் போவீங்கன்னு நான் நெனைக்கல. சின்னம்மை போன் பண்ணி அழுதப்பதான் தெரியும்."

சின்னம்மை யார் என்று நான் கேட்கவில்லை. படத்திலிருந்து நான் வெட்டியெறிந்த முகம் கண்முன் வந்தது. பேச்சியம்மாளின் தங்கை, தாயில்லாத இவரை வளர்த்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். தப்பாக வாசித்தது, அழித்தது எல்லாம் கவனக்குறைவு. அதற்கு மேலே நான் செய்ததுதான் அசிங்கம். டீக்கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய்க் குழுவுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. முதலில் சிவநேசனைப் போனில் கூப்பிட்டேன்.

அவர் அந்த ஆண்டை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "அக்கா, விழா முடியட்டும். திருத்தத்த மெதுவா போட்டுக்கலாம். இப்ப சொன்னா குழுவையே கலைக்க வேண்டியதுதான். உங்க பேரும்தான் போகும்," என்றார். மிரட்டவில்லை, கெஞ்சினார். அவர் கெட்டவர் இல்லை.

நான் யோசிப்பதாகச் சொன்னேன். சொன்னபடி யோசித்துக்கொண்டே இருந்தேன். குழுவுக்கு எழுத உட்காருவேன், பாராட்டு மடல்கள் வந்து கிடக்கும், அழித்துவிட்டு எழுந்துவிடுவேன். என் பெயர் போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் கிடையாது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தி இறந்தவளுக்காக ஆபீசில் உட்கார்ந்து அழுதேனே, முப்பது வருஷம்கூட ஆகாத பேச்சியம்மாளுக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவளுக்கு மகன் இருந்தான், தங்கை இருந்தாள், அவர்களிடம் நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. மலையரசிக்கு யாரும் இல்லை என்பதால் அவளுக்காக அழுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

கடைசியில் குழுவை ஆரம்பித்தவரைக் கூப்பிட்டேன். உங்கள் விதியால் வந்த வினை என்று அவர் தலையில் போடத்தான் கூப்பிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விதி நான் போட்டதுதான். வாசிக்காம அழின்னு நான் சொல்லலையே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எழுதினேன். கல் கொல்லம் ஆண்டு ௧௧௫௨-ல் நட்டது, அது ஒரு தோட்டத் தொழிலாளியின் மனைவிக்கு நட்டது, குடும்பம் இருக்கிறது, கல்லை எடுத்தது தவறு, தவறு என்னுடையது என்று எழுதினேன். முருகேசன் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் தோண்டிப் படித்தது இதற்குப் பிறகு நடந்த சண்டையைத்தான். அதில் என்னைத் திட்டியவை எதையும் நான் அழிக்கவில்லை. சிவநேசன் விமான டிக்கெட்டை ரத்து செய்தார், கொஞ்ச நாளில் குழுவைவிட்டும் போனார். பள்ளிக்கூடத்துப் பிரின்சிபல், "ஒரு கல்லு அல்லே, கொண்டுபொய்க்கோ" என்று, வெறும் கல்தானே எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி, கையை உதறினார்.

பிறகும் அதே லாரி, அதே வளைவு. இந்தத் தடவை சூப்பர்வைசர் அதட்டுவதற்கு முன்னால், நாங்கள் சர்க்கார் இல்லை என்று நானே சொன்னேன். முருகேசனும் வந்திருந்தார். பழைய குழியிலேயே தூணை நிறுத்தி, பலகைக்கல்லை ஏற்றினார்கள். பளபளவென்று நாங்கள் தேய்த்துக் கழுவிய கல் அங்கே அந்நியமாக நின்றது. சின்னம்மை ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்துக் கொண்டுவந்து, எழுத்து, எண் எதையும் பார்க்காமல் முழுக்கப் பூசினார்.

பூசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அவ எறக்கி வெச்சத நீங்க திரும்ப அவ தலையிலயே ஏத்திட்டிய மேடம்," என்றார். சத்தம் போடவில்லை. "எவ்வளவு நாளு அவ அந்தப் புள்ளையச் சொமந்துட்டு நின்னாளோ."

லயத்திலிருந்து ஒரு பெண் விறகுக்கட்டோடு இறங்கி வந்து, கட்டைப் பலகைக்கல்லின் மேல் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். நட்ட கல்லில் முதல் பாரம் அப்படி வைத்து எடுக்கவேண்டுமாம். முருகேசன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குழுவுக்கு எழுதவே இல்லை. வழிப்போக்கன் என்ற பெயர் மட்டும் உறுப்பினர் பட்டியலில் இன்னும் இருக்கிறது. அதை நீக்கவேண்டாம் என்பது ஒன்றுதான் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது.

லாரி கிளம்பத் தயாரானது. என் தோளில் ஒரு பை, காமிரா, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்து நல்ல கனம். செருப்பில் ஒரு கல் மாட்டியிருந்தது. அதை எடுக்கக் குனிவதற்கு முன்னால், யோசிக்காமல் பையைக் கழற்றிப் பலகைக்கல்லின் மேல் வைத்தேன்.

சின்னம்மை வந்து அந்தப் பையை எடுத்தார். சுண்ணாம்பு ஒட்டியிருந்ததைப் புடவையால் துடைத்தார். என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"இத நீங்களே சொமந்துட்டுப் போங்க மேடம்," என்றார்.

வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.